மாட்டுகிறவர் பொறுப்பு: எல் அனட்சுயியின் உலோகம்

முதலில் மூடி. பீர், சோடா பாட்டிலில் ஓப்பனர் போட்டு நெம்பி எடுக்கிற, ஓரம் பல் பல்லாக இருக்கும் மூடி இல்லை. குவார்ட்டர் பாட்டிலின் கழுத்தைத் திருகினால் முத்திரை உடைந்து கழன்று வருமே, அந்த அலுமினிய மூடி. மேற்கு ஆப்பிரிக்கச் சிற்பி எல் அனட்சுயியைப் பற்றிப் படிக்கிற பலரும் இந்த இடத்திலேயே வேறு பொருளை மனதில் வைத்துக்கொள்கிறார்கள். அப்புறம் மூடிகளைக் கோத்து அவர் செய்கிற பிரம்மாண்டமான தொங்கல்களின் படத்தைப் பார்த்துவிட்டு, இது எப்படித் துணி மாதிரி மடிகிறது என்று குழம்புகிறார்கள். பீர் மூடி விறைப்பான தகரம், அதை வைத்து இந்த வேலை நடக்காது. திருகு மூடியைச் சாதாரணக் கத்தரிக்கோலாலேயே வெட்டிவிடலாம், விரலால் மடக்கலாம். அதைப் பிரித்தால் மூன்று பொருள் கிடைக்கும்: உச்சியில் ஒரு வட்டத் தகடு, பக்கவாட்டில் சரக்கின் பெயர் அச்சடித்த ஒரு பட்டை, திறந்த பிறகும் பாட்டில் கழுத்திலேயே தங்கிவிடுகிற ஒரு மெல்லிய வளையம்.

இந்த மூன்றையும், கொஞ்சம் செம்புக் கம்பியையும் வைத்துக்கொண்டுதான் அனட்சுயி இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக வேலை செய்கிறார். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் 'டுசாசா 2' (2007) என்ற படைப்பு சுமார் 6 மீட்டர் உயரம், 7.3 மீட்டர் அகலம். தூரத்தில் நின்று பார்த்தால் பொன் சரிகை போட்ட ஏதோ ராஜாவின் போர்வையைச் சுவரில் விரித்த மாதிரி இருக்கும். பக்கத்தில் போனால் ஒவ்வொரு சரிகை இழையிலும் ஒரு சாராயக் கம்பெனியின் பெயர் இருக்கும்.

இவரைப் பற்றி வருகிற செய்திகளில் முக்கால்வாசிக்கு ஒரே தலைப்புதான்: குப்பையிலிருந்து கலை. எனக்கு இந்தத் தலைப்பின் மேல் ஒரு சலிப்பு உண்டு. குப்பையைப் பொறுக்கி உருவம் செய்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பழைய ஸ்பேனரையும் சைக்கிள் செயினையும் பற்றவைத்து நட்டுவைத்த மயில்களை நம் ஊர் ரவுண்டானாக்களிலும் பார்க்கலாம். அனட்சுயி செய்தது அந்த வகை வேலை இல்லை. மூடி கையில் கிடைப்பதற்கு முன்பே முப்பது வருடமாக ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு அலைந்தார், மூடி அந்தக் கேள்விக்குத் தோதாக அமைந்தது. ஒரு சிற்பம் ஏன் ஒரே உருவத்தில் இறுகிப்போய் நிற்க வேண்டும் என்பதுதான் அந்தக் கேள்வி.

அவர் 1944ஆம் ஆண்டு அன்யாகோவில் பிறந்தார். கானா அப்போது கோல்ட் கோஸ்ட் என்ற பிரிட்டிஷ் காலனி. அன்யாகோ அதன் தென்கிழக்கு மூலையில், கேட்டா காயலை ஒட்டிய ஊர். எவே இனம். அப்பாவுக்கு 32 குழந்தைகள், இவர் கடைசி. தாயை இழந்த பிள்ளையை மாமா எடுத்து வளர்த்தார். அவர் பிரெஸ்பிடேரியன் சபைப் போதகர் என்பதால் வளர்ந்ததெல்லாம் மிஷன் வளாகத்தில். அப்பாவும் அண்ணன்மாரும் கென்டே என்கிற பாரம்பரியத் துணியை நெய்தவர்கள், ஆனால் இவர் தறியில் உட்கார்ந்து கற்றவர் இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

குமாசியில் இருக்கிற இங்க்ரூமா பல்கலைக்கழகத்தில் சிற்பம் படித்து 1969இல் வெளியே வந்தார். நாடு சுதந்திரம் வாங்கிப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. பாடத்திட்டம் மட்டும் இன்னும் ஐரோப்பாவிலேயே இருந்தது: பிளாஸ்டர், களிமண் மாதிரி, மனித உடல். படிக்கிற காலத்தில் அதே ஊரில் இருந்த பண்பாட்டு மையத்துக்குப் போய், அங்கே மரம் செதுக்குகிறவர்கள், நெசவாளர்கள், துணியில் அடிங்க்ரா முத்திரை குத்துகிறவர்கள், மேளக்காரர்கள் எல்லாரும் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அடிங்க்ரா என்பது சின்னச் சின்ன முத்திரைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சொலவடை அளவுக்கு அர்த்தம் உண்டு. உருவம் அரூபம், அர்த்தம் துல்லியம். கல்லூரியில் அவருக்குச் சொல்லித்தராத விஷயம் இது.

படிப்பு முடிந்து வின்னெபாவில் வாத்தியார் வேலை பார்த்த நாட்களில் அவர் கையில் எடுத்த முதல் பொருள் சந்தைத் தட்டு. சந்தையில் பெண்கள் சாமான்களைப் பரப்பி வைத்து விற்கிற வட்டமான மரத்தட்டு. அதில் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியால் இந்த முத்திரைகளைச் சுட்டு வரைந்தார். கவனியுங்கள், அங்கேயே ஒரு பழக்கம் ஆரம்பித்துவிட்டது: பலர் கைபட்டுத் தேய்ந்த பொருளை எடுப்பது. ஒரு பொருளைத் தொட்டவர்களின் ஏதோ ஒன்று அதிலேயே தங்கிவிடுகிறது என்பது அவர் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் கருத்து. இதை ஆன்மிகமாக எடுத்துக்கொள்வதும், வெறும் வரலாற்று உணர்வாக எடுத்துக்கொள்வதும் உங்கள் விருப்பம்.

1975இல் நைஜீரியாவின் என்சுக்கா பல்கலைக்கழகத்துக்கு வேலைக்குப் போனார். 2011இல் ஓய்வு பெறும்வரை அங்கேயேதான் பாடம் நடத்தினார். 36 வருடம்! போனபோது பியாஃப்ரா போர், அதாவது நைஜீரியாவின் கிழக்குப் பகுதி தனிநாடாகப் பிரியப் பார்த்த உள்நாட்டுப் போர், முடிந்து ஐந்தே வருடம். 1967இல் போர் தொடங்கியதும் முதலில் அடிபட்ட ஊர்களில் என்சுக்காவும் ஒன்று. அந்தக் கலைத்துறையை உச்சே ஒகெகே என்ற ஓவியர் கட்டியெழுப்பிக்கொண்டிருந்தார். அந்தப் பகுதியின் இக்போ இனப் பெண்கள் உடம்பிலும் சுவரிலும் வரைகிற ஊலி கோலங்களை நவீன ஓவியத்துக்குள் கொண்டுவந்த கூட்டம் அது. வெளியூர்க்காரராக வந்து சேர்ந்த அனட்சுயி அந்தப் பேச்சுகளை உள்வாங்கிக்கொண்டார், வரைவதற்குப் பதில் களிமண்ணுக்குப் போனார். உடைந்த பானைகள். சில்லுகளை ஒட்டிய மாதிரி, வாய் பிளந்த, பாதி சிதைந்த பானைகளை 1970களின் கடைசியில் தொடராகச் செய்தார். மேற்கு ஆப்பிரிக்காவின் பல ஊர்களில் உடைந்த பானையைத் தூக்கிப் போட மாட்டார்கள். ஓட்டில் சாமிக்குப் படைப்பார்கள், நெருப்பு எடுத்துப் போவார்கள். உடைந்ததும் அதற்கு வேறு உத்தியோகம். போர் முடிந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் உடைந்த பானை செய்தால் பார்ப்பவர்களுக்கு என்ன தோன்றியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது மரம், ஆனால் உளி கிடையாது. 1980இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், கம்மிங்டன் என்ற ஊரில் கலைஞர்கள் தங்கி வேலை செய்யும் இடத்துக்குப் போனபோது செயின்சா, அதாவது மோட்டாரில் ஓடுகிற மரம் அறுக்கும் ரம்பம், கையில் கிடைத்தது. மரத்தைக் கதறக் கதறக் கிழித்துக்கொண்டு போகிற அந்த வேகமும் அலட்சியமும் அவருக்கு வேறொன்றை நினைவுபடுத்தியிருக்கின்றன. 1884–85இல் பெர்லினில் கூடி ஐரோப்பிய அரசுகள் ஆப்பிரிக்காவைக் கூறுபோட்டுக்கொண்ட கதை. அன்றிலிருந்து செயின்சா அவருக்குக் கருவியாகவும் இருந்தது, சொல்லவந்த விஷயமாகவும் இருந்தது. வெவ்வேறு நிற வன்மரப் பலகைகளை வரிசையாக நிற்கவைத்து, செயின்சாவால் கீறி, தீயால் கருக்கி, சுவரில் மாட்டுவார். 1992இல் ரியோ பூமி மாநாட்டை ஒட்டி அவர் செதுக்கிய 'எரோஷன்' என்ற மரத்தூணும் இந்தக் காலத்து வேலைதான்.

இந்தப் பலகைகளில் ஒரு விஷயம் அதிகம் பேசப்படுவதில்லை. அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவில்லை. வாங்கியவர் இஷ்டப்பட்டால் வரிசையை மாற்றி வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது பலகை ஏழாவது இடத்துக்குப் போகலாம். தந்தைவழிச் சொத்து மாதிரி இது இப்படித்தான் என்று எழுதிவைக்காமல், வாங்கியவர் கையில் கொஞ்சம் உரிமையை விட்டுவைக்கிற வேலை. பிரச்சினை என்னவென்றால் யாரும் மாற்றி வைக்கவில்லை. பணம் கொடுத்து வாங்கிய சிற்பத்தில் கைவைக்க யாருக்குத் துணிச்சல் வரும்? அந்தப் பொருளே மாறாமல் தப்பிக்க முடியாது என்ற நிலைக்கு அதைக் கொண்டுவர அவருக்கு இன்னும் இருபது வருடம் ஆனது.

இடையில் தகரத்துக்கு வந்தார். நைஜீரியாவில் கர்ரி என்கிற மரவள்ளி மாவு இல்லாமல் சாப்பாடு கிடையாது. அதற்குக் கிழங்கைத் துருவ, தகரத்தில் ஆணியால் நெருக்கமாகத் துளைபோட்ட துருவிகள் வைத்திருப்பார்கள். துருப்பிடித்து ஒதுக்கிய அந்தத் துருவிகளைச் சேர்த்துத்தான் 2000இல் 'க்ரம்ப்ளிங் வால்' என்ற இடிந்துவிழுகிற மாதிரியான சுவரைச் செய்தார். அதற்கு முந்தின வருடம் 'பீக் ப்ராஜெக்ட்': பீக் என்ற பெயரில் அங்கே விற்கிற டின் பாலின் மூடித்தகடுகளைக் கம்பியால் கோத்துத் தரையில் குவியல் குவியலாக, மலைச்சிகரம் மாதிரி நிற்கவைத்தது. பெயரிலேயே சிலேடை. பிறகு அச்சகத்தில் கழித்துப்போட்ட அலுமினியத் தகடுகளைக் கசக்கி ஆளுயரக் காகிதப் பைகள் செய்தார். அந்தத் தகடுகளில் இறப்பு அறிவிப்புகள்கூடப் பதிந்திருந்தன. தகரம் வளையும், தொங்கும், சுருங்கும், விரியும் என்பதெல்லாம் இந்த வேலைகளில் கைக்குப் பழகிவிட்டது.

மூடி கிடைத்தது இவற்றுக்குக் கொஞ்சம் முன்னாலேயே, 1998 வாக்கில். என்சுக்காவுக்கு வெளியே புதர் ஓரமாக ஒரு மூட்டை கிடந்திருக்கிறது, பிரித்துப் பார்த்தால் சாராய மூடிகள். ஞானம் பிறந்த கதையாக இதைச் சொல்வார்கள். நடந்தது அவ்வளவு நாடகமாக இல்லை. மூட்டையைத் தூக்கி வந்து பட்டறை மூலையில் போட்டார், மாதக்கணக்கில் அது அங்கேயே கிடந்தது. அப்புறம் ஒருநாள் பட்டைகளைத் தட்டையாக்கி, ஓரத்தில் துளைபோட்டு, செம்புக் கம்பியால் பக்கத்தில் பக்கத்தில் கோத்துப் பார்த்திருக்கிறார். ஒரு நீளம் சேர்ந்ததும் கையில் தூக்கினால் தொங்கியது. கீழே வைத்தால் குவிந்தது. இழுத்தால் வேறு மாதிரி.

முதலில் வந்தவற்றுக்கு 'ஆண் துணி', 'பெண் துணி' என்று பொருள்படும் பெயர்களை வைத்தார். இரண்டும் இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்தப் பெயர்களால் ஒரு நன்மை, ஒரு தொல்லை. நன்மை என்னவென்றால் பார்த்தவுடன் புரிந்தது. கென்டே துணியை நான்கு விரற்கடை அகலத்தில் நீள நீளப் பட்டைகளாக நெய்து, பிறகு பட்டைகளைப் பக்கத்தில் வைத்துத் தைத்துத்தான் பெரிய துணியாக்குவார்கள். மூடிப் பட்டைகளைக் கோத்ததும் அதே கட்டம், அதே மஞ்சள், சிவப்பு, கறுப்பு. தொல்லை என்னவென்றால், அன்றிலிருந்து இவரை நெசவாளரின் மகன் உலோகத்தில் நெய்கிறார் என்றே எழுத ஆரம்பித்துவிட்டார்கள். அவர் சிற்பி. தறியில் பாவும் ஊடும் குறுக்கே மறுக்கே போய் இறுகினால்தான் துணி. இங்கே பாவு கிடையாது, ஊடு கிடையாது, கண்ணியோடு கண்ணி கோத்திருக்கிறது, அவ்வளவுதான். நியாயமாகப் பார்த்தால் போர்வீரன் போட்ட சங்கிலிக் கவசத்துக்குத்தான் இது நெருக்கம். எவே மொழியில் 'கா' என்றால் உலோகம், 'வு' என்றால் மேலங்கி. 2003இல் வேல்ஸில் தொடங்கிப் பல ஊர் சுற்றிய கண்காட்சிக்கு 'காவு' என்று அவர் பெயர் வைத்ததில் இந்த இரண்டு குணமும் இருக்கிறது.

பட்டறையில் வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். சரக்குக் கம்பெனிகளுக்குக் காலி பாட்டில் திரும்பப் போய்விடும், கழுவி மறுபடி நிரப்புவார்கள். மூடி போகாது. அந்த மூடிகள் சாக்குச் சாக்காக வந்து இறங்கும். உள்ளூர் இளைஞர்கள் பல பத்துப் பேர், வரிசையாக உட்கார்ந்து, ஒருவர் பட்டையைத் தட்ட, ஒருவர் துளைபோட, ஒருவர் கோக்க, சின்னச் சின்னத் துண்டங்களாகச் செய்து தருவார்கள். பட்டையை அப்படியே விரித்துக் கோத்தால் ஒரு நெருக்கம். முறுக்கிக் கோத்தால் இன்னொரு நெருக்கம். வட்டத் தகட்டை நான்கு பக்கமும் மடித்துச் சதுரமாக்கினால் கனமான பகுதி, வளையங்களை மட்டும் கோத்தால் மீன்வலை மாதிரி ஊடுருவிப் பார்க்க முடிகிற பகுதி. நிறத்துக்குத் தூரிகையே எடுப்பதில்லை. கம்பெனிக்காரன் அடித்த நிறம்தான். வெள்ளி வேண்டுமென்றால் பட்டையைத் திருப்பிப் போடுவார்கள், உள்பக்கம் வெறும் அலுமினியம். துண்டங்கள் சேர்ந்ததும் அனட்சுயி அவற்றைத் தரையில் பரப்பி, மாற்றி மாற்றி வைத்து, மேலிருந்து போட்டோ எடுத்துப் பார்த்து, மறுபடி கலைப்பார். வாரக்கணக்கில் இந்தக் கலைப்பும் அடுக்கும் நடக்கும். தீர்மானம் ஆனதும் துண்டங்களைச் சேர்த்துக் கட்டி, போர்வையை மடிப்பது போல மடித்துப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடுவார்கள். பத்து மீட்டர் சிற்பம் ஒரு சாதாரண மரப்பெட்டிக்குள் அடங்கும். வெண்கலத்தில் வார்க்கிறவர்கள் இதைக் கேட்டால் வயிறெரிவார்கள்.

பெட்டி போய்ச்சேர்ந்த பிறகுதான் வேடிக்கை. அருங்காட்சியக ஆட்கள் பிரித்துத் தரையில் விரிப்பார்கள், பிறகு குறிப்பைத் தேடுவார்கள். எந்தப் பக்கம் மேல், எத்தனை மடிப்பு, எங்கே ஆணி என்று சிற்பி எதையும் கட்டாயமாக எழுதி அனுப்புவதில்லை. மாட்டுகிறவர்தான் முடிவுசெய்ய வேண்டும். ஏணியில் ஏறி நின்றுகொண்டு, இந்த இடத்தில் கொஞ்சம் தூக்கலாமா, அந்த மூலையைத் தரைவரை வழியவிடலாமா என்று அரைமணிக்கு ஒருதரம் பின்னால் போய்ப் பார்த்துப் பார்த்துத்தான் அது உருவாகும். ஆரம்பத்தில் பலருக்கு இது பயத்தைக் கொடுத்திருக்கிறது. மரப்பலகையில் யாரும் வரிசையை மாற்றாமல் தப்பித்தார்களே, இங்கே தப்பிக்க வழியில்லை: ஒரு மடிப்பும் போடாமல் இதை மாட்டவே முடியாது, தானாக மடியும். இன்னொரு ஊருக்குப் போனால் மறுபடி மடியும், ஆனால் அதே மாதிரி மடியாது. அந்தப் பழைய கேள்விக்குப் பதில் சித்தாந்தத்தில் கிடைக்கவில்லை, அலுமினியத்தின் மெல்லிசில் கிடைத்தது.

2007இல் வெனிஸ் பியனாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் அவருடைய பெரிய தொங்கல்களைப் பார்த்த பிறகுதான் உலகம் அவர் பக்கம் திரும்பியது. அப்போது வயது 63. அதே நேரம் அதே ஊரில் ஃபார்ச்சுனி மாளிகையின் முகப்பில் இன்னொரு தொங்கல். பட்டில் கொசுவம் பிடித்துப் புகழ்பெற்ற மரியானோ ஃபார்ச்சுனியின் வீடு அது, கொசுவத்துக்கு மேல் கொசுவம். எட்டு வருடம் கழித்து, 2015இல், வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கத்தை அதே வெனிஸ் கொடுத்தது. 2017இல் ஜப்பானின் பிரீமியம் இம்பீரியாலே. விருதுப் பட்டியல் இதோடு போதும்.

சரி, ஏன் சாராய மூடி? நிறைய கிடைக்கிறது என்பது ஒரு காரணம். அதற்குப் பின்னால் ஒரு கணக்கும் இருக்கிறது. ஐரோப்பிய வியாபாரிகள் மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குக் கொண்டுவந்த பண்டமாற்றுச் சரக்குகளில் மது முக்கியமானது. அதைக் கொடுத்து ஆட்களை வாங்கினார்கள். ஆட்கள் கடலைத் தாண்டிக் கரும்புத் தோட்டத்துக்குப் போனார்கள், கரும்பிலிருந்து சர்க்கரையும் ரம்மும் வந்தன, ரம் மறுபடி கப்பலேறி இந்தக் கரைக்கே வந்தது. இன்றும் கானாவில் முன்னோர்களுக்குத் தரையில் ஊற்றிப் படைக்கிற மது பெரும்பாலும் ஐரோப்பிய ஜின் வகைதான், அதாவது விற்கவந்தவன் கொண்டுவந்த சரக்கிலேயே விற்கப்பட்டவர்களுக்கும் படையல். நைஜீரிய மூடிகளில் அச்சடித்த பெயர்களைப் படித்தால் அதுவே ஒரு பழைய செய்தித்தாள்: எக்கோமாக் என்று ஒரு சரக்கு, லைபீரியாவுக்குப் போன மேற்கு ஆப்பிரிக்கப் படையின் பெயர் அது. பகாசி என்று இன்னொன்று, நைஜீரியாவும் கேமரூனும் சண்டைபோட்டுக்கொண்ட தீபகற்பம்.

இந்தக் கப்பல் கணக்கில் நம்முடைய வரவும் செலவும் உண்டு. மது மட்டும் போகவில்லை, துணியும் போனது, அதில் கணிசமானது சோழமண்டலக் கரையில் நெய்தது. பாண்டிச்சேரியில் நீலம் தோய்த்த 'கினே' துணியைக் கொடுத்துத்தான் பிரெஞ்சுக்காரர்கள் செனகல் நதிக்கரையில் கருவேலம் பிசின் வகைகளை வாங்கினார்கள். துணியின் பெயரே கினி நாட்டுக்கான துணி என்றுதான். சென்னையைச் சுற்றியும் சீராலாவிலும் நெய்த கட்டம்போட்ட துணிக்கு 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்' என்று வியாபாரப் பெயர். கைக்குட்டைக்கு இங்கே யாரும் வாங்கவில்லை, முக்கியமான சந்தை நைஜீரியா. அங்கே இக்போ மக்கள் அதை 'ஜார்ஜ்' என்கிறார்கள், செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்து வந்த பெயர் என்பார்கள். நைஜர் கழிமுகத்துக் கலாபாரிப் பெண்கள் இன்னும் ஒரு படி மேலே போய், நம் ஆட்கள் இழை இழையாக நெய்து அனுப்பிய துணியில் சில இழைகளை மட்டும் பிளேடால் அறுத்து உருவி எடுத்து, மிச்சத்தில் தங்களுக்கு வேண்டிய கோலத்தைக் கொண்டுவந்துவிடுவார்கள். பெலெட்டே பீட்டே, வெட்டிய துணி என்று பெயர். அதைக் கட்டிக்கொண்டால்தான் அது கலாபாரித் துணி, அதுவரை அயலூர்ச் சரக்கு. அனட்சுயி இதைப் பார்த்து மூடியை வெட்டினார் என்று சொல்ல வரவில்லை, அவருடைய ஊர் வேறு. ஆனால் கப்பலில் வந்த பண்டத்தை அறுத்துத் தன்னுடையதாக்கிக்கொள்கிற இந்தப் பழக்கம் அந்தக் கரையில் அவருக்கு முன்பே இருந்தது.

லண்டனின் டேட் மாடர்ன் கலை அருங்காட்சியகம் தன் டர்பைன் ஹாலை 2023 அக்டோபரிலிருந்து 2024 ஏப்ரல் வரை அவருக்குக் கொடுத்தபோது இந்தக் கதையை அவர் நேரடியாகவே எடுத்துக்கொண்டார். அது பழைய மின்நிலையத்தின் டர்பைன் நின்ற கூடம், 155 மீட்டர் நீளம், 35 மீட்டர் உயரம். ஆரம்பத்தில் காற்றில் உப்பிய பாய்மரம் போல ஒரு தொங்கல், அதில் கிரகண நிலவு மாதிரி ஒரு சிவப்பு வட்டம். நடுவில் வளைய வலைகளால் ஆன துண்டுகள் மனித உருவங்கள் மாதிரி அந்தரத்தில் சிதறித் தொங்கும். ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்று பார்த்தால் மட்டும் அத்தனையும் சேர்ந்து ஒரு பூமி உருண்டையாகத் தெரியும், ஓரடி நகர்ந்தால் மறுபடி சிதறிவிடும். கடைசியில் கூரையிலிருந்து தரைவரை ஒரு கறுப்புச் சுவர், காலடியில் அலை மாதிரி சுருண்டு கிடக்கும். சுற்றிப் பின்பக்கம் போனால் வெள்ளியும் பல நிறமுமாக ஜொலிக்கும். அந்த நிறுவனத்தின் பெயரில் இருக்கிற ஹென்றி டேட் சர்க்கரை ஆலை முதலாளி. பிரிட்டனில் அடிமைமுறையை ஒழித்தபோது அவர் சிறுபையன், அவரே அடிமை வைத்திருந்தவர் இல்லை. ஆனால் சர்க்கரை என்ற தொழில் எதன் மேல் நின்றது என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தக் கட்டடத்துக்குள் ரம் மூடிகளால் பாய்மரம் கட்டியவர் அதை விளக்கிப் பலகை எழுதித் தொங்கவிட வேண்டியதில்லை.

எனக்கு அவருடைய வேலைகளில் மனதுக்கு நெருக்கமானது வேறு. 2010இல் ஹூஸ்டனில் ஒரு பல்கலைக்கழகக் கூடத்தில் முதலில் காட்டிய 'க்லி'. எவே மொழியில் சுவர் என்று அர்த்தம், உச்சரிப்பை மாற்றினால் கதை என்றும் ஆகும். பெர்லின், ஜெருசலேம், டோகோ நாட்டின் நோட்சே என்று மூன்று சுவர் ஊர்கள் அதற்குப் பின்னால் இருக்கின்றன. மூன்றாவது ஊர் எவே மக்களின் ஆதிக்கதையில் வருகிறது. அகோகொலி என்ற கொடுங்கோல் ராஜா, பெரிய மண்சுவர் எழுப்பி மக்களை உள்ளே அடைத்துவைத்திருந்தான். பெண்கள் எல்லாரும் பாத்திரம் கழுவிய, துணி துவைத்த தண்ணீரை நாள் தவறாமல் சுவரில் ஒரே இடத்தில் ஊற்றி ஊற்றி, அந்த இடம் ஊறிப்போனதும் ஒரு இரவு இடித்துக்கொண்டு எல்லாரும் வெளியேறினார்கள். துரத்தி வருகிறவர்களைக் குழப்பப் பின்பக்கமாக நடந்துபோனார்களாம், காலடித்தடம் ஊருக்குள் வருகிற மாதிரித் தெரியும் என்று. அன்யாகோவும் அப்படி நடந்துவந்தவர்களின் வழியில்தான் இருக்கிறது. இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர் சுவர் செய்யும்போது பாட்டில் கழுத்து வளையங்களை மட்டும் எடுத்துக்கொண்டார். கூரையிலிருந்து தொங்குகிற அந்தச் சுவர்களின் மறுபக்கம் யார் நிற்கிறார்கள் என்று இந்தப் பக்கத்திலிருந்தே தெரியும்.

குறை சொல்ல ஒன்றும் இல்லையா என்றால், இருக்கிறது. 2012இல் லண்டன் ஏலத்தில் இவருடைய ஒரு தொங்கல் 5 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. அதில் உள்ள ஒவ்வொரு கண்ணியையும் கோத்தது என்சுக்காவின் யாரோ ஒரு பையன், சுவர்ச்சீட்டில் அவன் பெயர் இருக்காது. பெரிய பட்டறை நடத்துகிற எல்லாச் சிற்பிகளுக்கும் பொருந்துகிற கேள்விதான், ஆனால் வேலையின் சாரமே பல கைகள் என்று சொல்கிறவரிடம் கொஞ்சம் கூடுதலாகவே கேட்கலாம். 'டுசாசா' என்ற பெயருக்கு ஊரார் சேர்ந்து ஒட்டுப்போட்டது என்கிற மாதிரி அர்த்தம் வரும். பெயரில் ஊரைச் சேர்த்துக்கொண்டார், கையெழுத்து ஒருவருடையது. இது போதுமா என்பதில் எனக்கு இன்னும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

இன்னொன்று, ரசாயனம். அலுமினியமும் செம்பும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் அரிக்கும். வீட்டு வயரிங் செய்கிறவர்கள் இரண்டையும் நேரடியாக முறுக்கிச் சேர்க்கக் கூடாது என்பது இதனால்தான். மூடியின் மேல் அடித்த வார்னிஷ் கொஞ்சம் காப்பாற்றும், துளைபோட்ட ஓரத்தில் அதுவும் கிடையாது. ஈரம் கட்டுப்பட்ட கூடத்துக்குள் கவலை குறைவு. திறந்தவெளியில் வைக்கிற வேலைகளுக்கு அவர் வேறு பொருளுக்கும் போயிருக்கிறார்: 2012இல் பாரிஸில் ஒரு உடை அருங்காட்சியகத்தின் முகப்பிலும், பிறகு நியூயார்க்கில் ஹைலைன் நடைபாதை ஓரத்திலும் மாட்டிய உடைந்த பாலங்கள் தகரமும் கண்ணாடியும் சேர்ந்தவை. வானமும் எதிர்க்கட்டடமும் அந்தத் துண்டுக் கண்ணாடிகளில் தெரியும்.

நேரில் பார்க்க வாய்ப்பில்லாதவர்கள் இதைச் செய்து பாருங்கள். அவருடைய தொங்கல் ஒன்றின் பெயரைப் போட்டுத் தேடி, அது இரண்டு வெவ்வேறு கூடங்களில் தொங்கியபோது எடுத்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் இடது மூலை தோளில் போட்ட துண்டு மாதிரி சரிந்திருக்கும், இன்னொன்றில் அதே மூலை விறைப்பாக நிற்கும், நடுவில் இருந்த மஞ்சள் பட்டை மடிப்புக்குள் பாதி காணாமல் போயிருக்கும். தலைப்பையும் வருடத்தையும் இரண்டு தரம் சரிபார்த்த பிறகுதான் ஒரே படைப்பு என்று நம்புவீர்கள்.